இரண்டாவது சுற்றில்

சுரேஷ்கண்ணனின் உடம்பில் முதலில் நின்றுபோனது வலது கைதான். நடக்கும்போது இடது கை வீசும். வலது கை மட்டும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு சும்மா வரும். அதைக் கண்டுபிடித்தவள் அவருடைய மனைவி பாண்டீஸ்வரி. சுருளிப்பட்டி வாய்க்கால் கரையில் தூக்குச்சட்டியோடு அவருக்குப் பின்னால் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள், "என்னங்க, ஒரு கைய வீட்டுல வச்சிட்டு வந்துட்டீகளா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

பிறகு சட்டைப் பொத்தான் போட நேரமானது. கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாகிக்கொண்டே போனது. சிரிக்கிற விஷயத்தைக் கேட்டால் சிரிப்பு வருகிறது என்று சொன்னார். முகத்தில் எதுவும் வரவில்லை. தேனியில் ஒரு நரம்பு டாக்டர் விரல்களைத் தட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி, திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்றார். கை நடுங்கினால்தான் அந்த நோய் என்று பாண்டீஸ்வரி நினைத்திருந்தாள். சிலருக்கு நடுக்கம் கம்மியாக இருக்கும், இறுக்கம்தான் அதிகமாக இருக்கும் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். நேரத்துக்குச் சாப்பிட்டால் நல்லபடியாக இருக்கலாம் என்றார்.

சில வருஷங்கள் நல்லபடியாகத்தான் இருந்தது. பன்னீர் திராட்சைக்குக் கவாத்து வெட்டினார். மருந்தடித்தார். வியாபாரிகளோடு தோட்டத்திலேயே நின்று பேரம் பேசினார். பேச்சில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. வீட்டிலிருந்து தோட்டம் வரைக்கும் வாய்க்கால் கரையில் பாண்டீஸ்வரியும் அவரும் பேசிக்கொண்டேதான் போவார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் கயல் போனில் சொன்னது, பக்கத்துத் தோட்டக்காரன் போர் போட்டது, மழை வருமா வராதா என்று ஒன்று விடாமல் பேசுவார்கள். வீட்டில் மாமனார் இருப்பதால் பேச முடியாததெல்லாம் அந்தக் கரையில்தான் பேசப்பட்டது.

அதற்கப்புறம் கால் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் தோட்டத்திலிருந்து வந்தவர் வீட்டு வாசல் நிலைக்கு முன்னால் நின்றுவிட்டார். உள்ளே குழம்பு கூட்டிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரி, "வாங்க, சாப்பிடலாம்" என்றாள். "வர்றேன்" என்றார். வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "வர்றேன்ல" என்றார். எட்டிப் பார்த்தால் மனுஷன் முன்பக்கமாகச் சாய்ந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குதிகால் தூக்குகிறது, முழங்கால் நடுங்குகிறது, பாதம் மட்டும் தரையை விடவில்லை.

"ஒட்டிக்கிருச்சு" என்றார்.

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து விழப் பார்த்தார்கள். அப்புறம் எப்படியோ கால் தானாக விடுபட்டு உள்ளே வந்தார். தேனி டாக்டரிடம் சொன்னபோது, இழுக்கக் கூடாது, அவர் பாதத்துக்கு முன்னால் உங்கள் பாதத்தைக் குறுக்கே வையுங்கள், அதைத் தாண்டச் சொல்லுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். மாயம் போலத்தான் இருந்தது. நடக்க முடியாத மனுஷன் தாண்டச் சொன்னால் தாண்டினார்.

அந்த மாயம்தான் வீட்டில் வம்பாகிப்போனது. மாமனார் ஒச்சாண்டிக்கு எண்பதை ஒட்டிய வயது. அந்தத் திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் ஒவ்வொன்றையும் நின்று ஊன்றியவர். மகன் மேல் உயிர்தான். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வெயில் கொளுத்துகிற சித்திரையில் அவரே போய்த் தீச்சட்டி எடுத்து வந்தார். ஆனால் அவர் கண்ணால் பார்த்ததை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பந்தலுக்குக் கீழே மகன் வரிசை வரிசையாக நடக்கிறான். கல்தூணைத் தாண்டித் தாண்டி, தரையில் விழுகிற கம்பி நிழலை மிதித்து மிதித்து, ஒரு தடங்கலும் இல்லாமல் போகிறான். கிணற்றுப் படியில் ஏறுகிறான், இறங்குகிறான். வீட்டுக்கு வந்தால் சமதரையில் நிற்கிறான்.

"கிணத்துப் படியில ஏறத் தெரியுது, வீட்டு நிலையத் தாண்டத் தெரியலையாக்கும்" என்றார் மருமகளிடம். "சீக்கு கால்ல இல்லத்தா. மனசுல இருக்கு. நடக்க மாட்டேங்குறான், நடிக்கிறான்."

"மாமா, டாக்டர் சொன்னாக..."

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாக. எம் மகன எனக்குத் தெரியாதா?"

சுரேஷ்கண்ணன் இதைக் கேட்டுக்கொண்டுதான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வியாபாரிகளை மடக்கிய வாய் அப்பாவிடம் மட்டும் திறக்காது. முகம் எப்போதும் போல அசையாமல் இருந்ததால் அவருக்கு வலித்ததா இல்லையா என்று பாண்டீஸ்வரியாலேயே அறிய முடியவில்லை.

தை மாதம் ஒரு காலையில், தோட்டத்தில் மோட்டார் போடப் போன ஒச்சாண்டி வாய்க்கால் ஓரமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

சின்ன மகன் கார்த்திக்ராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் வந்து சேர்ந்தபோது மறுநாள் பொழுது விடிந்திருந்தது. வாசலில் பந்தல் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் மாமனாரைப் படுக்க வைத்திருந்தார்கள். பங்காளிகள் ஒரு பக்கமாக உட்கார்ந்து மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். மூத்தவனால் நடக்க முடியாது, அத்தனை பேர் முன்னால் நின்றுவிட்டால் அசிங்கம், இளையவனே கொள்ளி வைக்கட்டும் என்று பேச்சு ஓடியது. பெரியப்பா முறையுள்ள ஒருவர் எழுந்து வந்து சுரேஷ்கண்ணனிடமே கேட்டார்.

சுரேஷ்கண்ணன் தலையை நிமிர்த்தினார். குரல் ஏற்கெனவே சன்னமாகிப்போயிருந்தது. ஆனாலும் பந்தலில் எல்லோருக்கும் கேட்டது.

"மூத்தவன் நான் இருக்கேன் பெரியப்பா. நாந்தான் வைப்பேன்."

தலையை மழித்து, மீசையை எடுத்து, ஈர வேட்டியோடு நிறுத்தினார்கள். பாண்டீஸ்வரி மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுத்தாள். மாமனாரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனபோது பெண்களோடு பெண்களாக அவர் பக்கத்திலேயே நடந்தாள். கொட்டுச் சத்தத்துக்கு அவர் கால் நன்றாகத்தான் எடுத்துவைத்தது. அடிக்கு ஒரு அடி, அடிக்கு ஒரு அடி என்று அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு போனார். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பாடை கிளம்பியது. தெருமுனை வரைக்கும்தான் பெண்கள் போகலாம். அங்கே எல்லோரும் விழுந்து கும்பிட்டு அழுது முடித்ததும் ஆண்கள் நகர ஆரம்பித்தார்கள். பாண்டீஸ்வரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கார்த்திக்ராஜின் கையைப் பிடித்தாள்.

"தம்பி, அங்கன அவுக நின்னுட்டா யாரும் சத்தம் போட வேண்டாம்னு சொல்லுங்க. பிடிச்சுத் தள்ளக் கூடாது. உங்க கால அவுக காலுக்கு முன்னால குறுக்க வையுங்க. தாண்டிருவாக."

கொட்டு காதைப் பிளந்தது. "சரி மதினி, சரி மதினி" என்று தலையாட்டினான். என்ன கேட்டதோ, எவ்வளவு கேட்டதோ.

"நானும் வாரேனே" என்றாள்.

யாரோ ஒரு வயதான பெண் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஆத்தா, அங்கன பொம்பள போற வழக்கமா? வீட்டக் கழுவி விடணும், வா."

வீட்டைக் கழுவினார்கள். அவள் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினாள். காது மட்டும் ஆற்றங்கரைச் சுடுகாட்டுப் பக்கமே இருந்தது. கொட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்து, சட்டென்று நின்றது. அவள் கையில் இருந்த துடைப்பமும் நின்றது. மறுபடி கொட்டு ஆரம்பிக்கும் என்று பார்த்தாள். ஆரம்பிக்கவில்லை.

வெகு நேரம் கழித்து முதலில் வந்தது ஒரு மோட்டார் சைக்கிள். நடுவில் சுரேஷ்கண்ணன். அவர் விழுந்துவிடாமல் பின்னால் ஒருவன் அணைத்துப் பிடித்திருந்தான். இடது தோளிலிருந்து வேட்டி வரைக்கும் நனைந்து ஈரமண் அப்பியிருந்தது. இறக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். அவள் ஈர வேட்டியை மாற்றிவிட்டாள்.

கார்த்திக்ராஜ் கொல்லைப்புறத்துக்கு வந்து, துவைகல்லில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"முத சுத்து நல்லாத்தான் வந்துச்சு மதினி. குடத்தத் தோள்ல வச்சுக்கிட்டு, கொட்டுக்குத் தக்கன நடந்தாரு. பின்னால குடத்துல ஓட்டை போடணும்னு கொட்ட நிப்பாட்டச் சொன்னாக. ஓட்டை போட்டுத் தண்ணி ஊத்துது. ரெண்டாவது சுத்துக்கு நடன்னாக. அண்ணன் ரெண்டு எட்டு வச்சாரு. நின்னுட்டாரு."

"கால வச்சீகளா?"

"வைக்கத்தான் போனேன். அதுக்குள்ள ஆளாளுக்குச் சத்தம். இந்தப் பக்கம் திரும்புங்கிறாக, வலது கால எடுங்கிறாக, தள்ளிவிடுங்கிறாக. யாரோ, அப்பனுக்குச் செய்யக்கூட மனசு வரலையான்னு கேட்டுப்புட்டாக. அண்ணன் அப்படியே இருக்காரு. தண்ணி போய்க்கிட்டே இருக்கு. குடம் காலியானா ஆகாதுன்னு பெரியப்பா குடத்தப் பிடுங்கினாரு. அண்ணன் விடல மதினி. விரல ஒண்ணு ஒண்ணா எடுத்து விட்டு, எந் தோள்ல வச்சாக. நான் சுத்தினேன். நாந்தான் கொள்ளி வச்சேன்." மூக்கை உறிஞ்சினான். "நான் வாங்கியிருக்கக் கூடாது."

அவள் செம்பை எடுத்தாள். தண்ணீர் மொண்டு கொடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமலே வாசல் பக்கம் போனான். காரியம் முடிந்து திருப்பூருக்குக் கிளம்புகிற வரைக்கும் அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஊரில் பேச்சு பல விதமாகப் போனது. மூத்தவன் உயிரோடு இருக்கும்போது இளையவன் கொள்ளி வைத்ததைச் சொன்னார்கள். பெற்ற அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றான் என்றார்கள். சொத்துத் தகராறு ஏதாவது இருந்திருக்கும் என்றுகூட ஒருத்தி குழாயடியில் சொல்ல, பாண்டீஸ்வரி குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

சுரேஷ்கண்ணன் தோட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டார். மாத்திரையைக் கொடுத்தால் விழுங்குவார். சோற்றைக் கொடுத்தால் சாப்பிடுவார். அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் சாயங்காலம் அவருக்கு வேட்டி கட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று பேசினார்.

"பாண்டி, அப்பா சொன்னது நெசம்தானோ?"

"என்னத்தச் சொன்னாக?"

"நடிக்கிறேன்னு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் பொய்யா நிக்கல. ஆனா நாந்தான் நிக்கிறேனா, காலுதான் நிக்குதான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. மனசு வச்சா நடந்திருக்கலாமோன்னு இருக்கு. தோட்டத்துல நடந்த கால்தான இது?"

அவள் வேட்டி நுனியைப் பிடித்தபடி மண்டியிட்டே இருந்தாள். இல்லையென்று சொல்லலாம். சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவர் நினைப்பார். நிஜமாகவே அவளுக்கும் பதில் தெரியாது.

தேனி டாக்டரிடம் அடுத்த முறை போனபோது இதை அவளே கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இப்படி நின்றுபோகிறவர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள், நடக்கும்போது மூளையில் எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று பார்க்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்றார். அதனால் நோய் குணமாகாது என்றும் சொல்லிவிட்டார். சுரேஷ்கண்ணன் வர மாட்டார் என்று அவள் நினைத்தாள். அவரோ அன்று ராத்திரியே, "எந்த நாள் போகணும்?" என்று கேட்டார்.

வைகாசியில் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் ஜோதிகாவுக்கு முப்பது வயது இருக்கும். சுரேஷ்கண்ணனின் நெற்றியைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டினாள். அதன் உள்பக்கம் பொட்டுப் பொட்டாக விளக்குகள். வலிக்காது, வெளிச்சத்தை உள்ளே விட்டு எந்த இடத்துக்கு ரத்தம் அதிகமாகப் போகிறது என்று பார்க்கும், அவ்வளவுதான் என்றாள். நீளமான வராந்தாவில் முதலில் சும்மா நடக்கச் சொன்னாள். மாத்திரை வேலை செய்கிற நேரம். மெல்ல மெல்ல நடந்தார். பிறகு நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னாள். தொண்ணூற்றேழு என்றார், தொண்ணூற்று நாலு என்றார். அடி சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில், வராந்தா முனையில் இருந்த ஒடுக்கமான கதவு வழியாக உள்ளே வரச் சொன்னாள்.

கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

பாண்டீஸ்வரி தன்னையறியாமல் எழுந்து ஓடினாள். டாக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். உதவிக்கு ஓர் ஆள் மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் தொடாமல் நின்றான். யாரும் பேசவில்லை. அவர் முழங்கால் நடுங்கியது. குதிகால் எழும்பி எழும்பி இறங்கியது. ஆற்றங்கரையில் இப்படித்தான் நின்றிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் பார்க்காமல் போன அந்த நிற்றலை இப்போது பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் டாக்டர் இருவரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். திரையில் ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து போனது.

"நமக்கெல்லாம் நடக்கிறது பழகிப்போன வேலைம்மா. மூளையோட உள்பக்கம் அதைத் தானாப் பாத்துக்கும். நெத்திக்குப் பின்னால இருக்கிற பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கும். அதனாலதான் நாம பேசிக்கிட்டே, யோசிச்சுக்கிட்டே நடக்க முடியுது. சாருக்கு அந்த உள்பக்கம் சரியா வேலை செய்யல. அதுக்குப் பதிலா நெத்திப் பக்கம் ஒவ்வொரு அடியையும் யோசிச்சு எடுத்து வைக்குது. அதே நேரம் கணக்குக் கேட்டாலோ, நாலு பேர் பேசினாலோ, வழி குறுகலா இருந்தாலோ அதால தாங்க முடியல. தரையில கோடு இருந்தா, தாளம் கேட்டா, அந்தப் பாரம் கொஞ்சம் குறையும். அதனால நடந்துருவாரு."

பாண்டீஸ்வரி திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்கன கோடு ரொம்ப ஏறியிருக்கே, இது எப்ப?"

"கதவுகிட்ட நின்னப்ப."

"நின்னப்பவா? நிக்கிறப்ப எறங்கணும்ல?"

"எறங்கலைம்மா. நிக்கிறதுக்குச் சித்த முன்னாடியே ஏற ஆரம்பிச்சு, நிக்கிற நேரம் பூரா ஏறித்தான் இருக்கு. எல்லாருக்கும் இப்படியேன்னு சொல்ல முடியாது. நாங்களே இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா இன்னைக்கு இவருக்கு நடந்தது இது."

சுரேஷ்கண்ணன் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"அப்ப நான் சும்மா நிக்கல?"

"சும்மா நிக்கல சார். அந்த நேரத்துல எங்க எல்லாரையும் விட நீங்கதான் பாடுபட்டீங்க."

அவர் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எங்கப்பா இதப் பாக்கணும்."

"அடுத்த தடவை வரும்போது கூட்டிட்டு வாங்க சார், காட்டலாம்" என்றாள் டாக்டர், பட்டையைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபடி.

பாண்டீஸ்வரி அவரைப் பார்த்தாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரிங்க" என்று அவள்தான் சொன்னாள்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்தபோது அவளுக்கு எவ்வளவோ பேச வேண்டியிருந்தது. பார்த்தீகளா, நான் சொன்னேன்ல என்று சொல்ல வேண்டும். குழாயடியில் அந்தப் பேச்சுப் பேசியவளை ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு வந்து அந்தக் கோட்டைக் காட்ட வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தவள், அவர் பாதத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவர் ஒவ்வொரு அடியையும் யோசித்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தான் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அந்த அடியிலிருந்து எடுப்பதுதான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. வாய்க்கால் கரையில் இத்தனை வருஷம் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. இனி அது கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் பேசலாம் என்று வைத்துக்கொண்டாள். பஸ் உசிலம்பட்டி தாண்டுவதற்கு முன்பே அவர் களைத்துத் தூங்கிவிட்டார்.

ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் ஏதோ இளகியிருந்தது. தம்பிக்கு அவரே போன் போட்டார். "ஆடி அமாவாசைக்கு வந்துருலே. சுருளிக்குப் போயி அப்பாவுக்குத் தண்ணி விடணும்" என்றார். அந்தப் பக்கம் கார்த்திக்ராஜ், "வாரேண்ணே" என்றான்.

அமாவாசையன்று சுருளியில் கூட்டம் சொல்லி மாளாது. கம்பம், கூடலூர், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்கு மொத்தமும் அங்கேதான் இருந்தது. மலையாளம் பேசிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஆட்டோவை விட்டு இறங்கி, அருவிக்கு ஏறுகிற பாதையில் மூன்று பேரும் நடந்தார்கள். பாண்டீஸ்வரி ஒரு பக்கம், கார்த்திக்ராஜ் ஒரு பக்கம். "பேசாம நடங்க தம்பி" என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். எள்ளும் பச்சரிசியும் வாழைப்பழமும் அவள் கூடையில் இருந்தன.

வனத்துறை டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போக இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே அவள் கூடையை மறு கைக்கு மாற்றி, அவர் முழங்கையைப் பிடித்தாள். சுரேஷ்கண்ணன் கம்பிக்குள் ஓர் அடி வைத்தார். நின்றார்.

பின்னால் கூட்டம் அடைத்துக்கொண்டது. "யோவ், நடய்யா" என்றான் ஒருவன். "குடிச்சிருக்கான் போல" என்றான் இன்னொருவன். கார்த்திக்ராஜ் திரும்பி நின்று இரண்டு கையையும் அகல விரித்தான்.

"எங்கண்ணனுக்கு உடம்புக்கு முடியல. அவரு வாறப்பதான் வருவாரு. அவசரம்னா கம்பிக்கு வெளிய போங்க."

யாரோ முணுமுணுத்தார்கள், யாரோ உச்சுக்கொட்டினார்கள், சிலர் கம்பிக்கு அடியில் குனிந்து போனார்கள். அவள் தன் பாதத்தைக் குறுக்கே வைத்தாள். அவர் தாண்டவில்லை. மறுபடி வைத்தாள். முழங்கால் நடுங்கியதே தவிர பாதம் எழவில்லை. நோய் ஒரு படி மேலே ஏறிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த ஒரு மாதமாகவே வீட்டிலும் சில நேரம் அப்படித்தான் இருந்தது. அவள்தான் மனசுக்குள் ஒப்புக்கொள்ளாமல் இருந்தாள்.

எவ்வளவு நேரம் நின்றார்களோ. கடைசியில் கால் விடுபட்டபோது அது முன்னால் போகவில்லை. உடம்பு பின்னால் சாய்ந்தது. இருவரும் தாங்கிப் பிடித்தார்கள்.

"போதும்" என்றார் சுரேஷ்கண்ணன். "நீ மேல போயி விட்டுட்டு வாலே. நான் இங்கன இருக்கேன்."

கார்த்திக்ராஜ் மேலே பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "நான் போக மாட்டேன். ஒரு தடவ ஒன் கையில இருந்து வாங்கினதே எனக்குப் போதும்ணே. கீழ ஆத்துலயும் அதே தண்ணிதான் ஓடுது."

பாதையை விட்டு இறங்கினால் கொஞ்ச தூரத்தில் ஆறு. தம்பி அண்ணனைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் போனான். தண்ணீர் ஓரமாக ஒரு பாறையில் உட்கார வைத்தான். ஐயரெல்லாம் மேலே இருந்தார்கள். இங்கே யாரும் இல்லை. பாண்டீஸ்வரி ஓர் இலையை விரித்து, அரிசியையும் பழத்தையும் வைத்தாள். அவருடைய உள்ளங்கையில் எள்ளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். கை ஆடி, பாதி எள் பாறையில் சிந்தியது. கார்த்திக்ராஜ் தன் கையை அண்ணன் கைக்கு அடியில் கொடுத்தான். இரண்டு கையும் சேர்ந்து சரிந்து, எள்ளும் தண்ணீரும் ஆற்றில் விழுந்தன.

சுரேஷ்கண்ணனின் உதடு அசைந்தது. குரல் அவ்வளவு சன்னமாக இருந்ததால் தண்ணீர்ச் சத்தத்தில் அவள் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"அன்னைக்கு நான் வந்தேன்ப்பா. காலுதான் வரல."

முகம் அசையவே இல்லை. கண்ணீர் மட்டும் இரண்டு பக்கமும் ஓடி மோவாயில் சொட்டியது. கார்த்திக்ராஜ் அண்ணனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதான். பாண்டீஸ்வரி அழவில்லை. அவரை எழுப்பிக் கொண்டுபோக வேண்டுமே என்று, வந்த வழியில் எங்கே மேடு, எங்கே சகதி என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற கவாத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும். வீட்டு நிலையை அகலப்படுத்த ஆசாரியைக் கேட்க வேண்டும். சக்கர நாற்காலியைப் பற்றி மகள் கயலிடம் இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

ஆட்டோவுக்குத் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஏற்றிவிடலாம் என்று பார்த்தால் சுரேஷ்கண்ணன் ஆட்டோவுக்குப் பக்கத்தில் மறுபடி நின்றுவிட்டார். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது, கால் மண்ணில் ஒட்டியிருந்தது. டிரைவர் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

அவன் என்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்டில்பாரில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான்.